மக்கட்பேறும் கம்பம் பள்ளத்தாக்கும்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர் ஆகிய ஊர்களில் மதரஸா ஆசிரியராக இருந்தவர்களுக்கு ஒரு காட்சி நன்கு பழக்கமானது. அஸர் தொழுகை முடிந்து, பிள்ளைகள் ஓதிக் கலைந்து செல்லும் வேளையில் முக்காடிட்ட இரு பெண்கள் வாயிலருகே வந்து நிற்பர். மூத்தவர் பேசுவார், இளையவர் தலைகுனிந்து நிற்பார். “அஜரத்து, நிக்காஹ் முடிஞ்சு நாலு வருசமாச்சு. தண்ணி ஓதித் தாங்க” என்பதே பேச்சாக இருக்கும். முப்பதாண்டுகளாக நாமும் தண்ணீர் ஓதிக் கொடுத்து வருகிறோம், துஆச் செய்கிறோம். ஆனால் இத்தனை ஆண்டுகளில் அந்த வாயிலில் கணவன் வந்து நின்றதை நாம் கண்டது மிகச் சிலமுறையே. நோன்பிருப்பவள் அவள், தாயத்துக் கட்டிக் கொள்பவள் அவள், பத்தியம் காப்பவளும் அவளே. தெருவில் வழங்கும் சொல்லும் அவளுக்கே உரியதாய்விட்டது. ‘மலடி’ என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். ‘மலடன்’ என்ற சொல் அகராதியில் உண்டு, தெருவில் இல்லை.

அரபு மொழியில் ‘அகீம்’ என்றொரு சொல் இருக்கிறது. திருக்குர்ஆனில் அஷ்ஷூரா அத்தியாயத்தின் 49, 50 ஆம் வசனங்களில், பெண்மக்களை மட்டும் பெறுவோர், ஆண்மக்களை மட்டும் பெறுவோர், இருபாலரையும் பெறுவோர் ஆகியோரைச் சொன்னபின், மக்கட்பேறு இல்லாதவரைக் குறிக்க வரும் சொல் அதுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாக நிற்கும் வடிவம் அது. இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் துணைவியார் தம்மைக் குறித்துச் சொல்லும்போதும் இதே சொல்லே ஆளப்பட்டுள்ளது. ஆல இம்ரான் அத்தியாயத்தில் ஸகரிய்யா நபி (அலை) அவர்கள், மனைவியின் நிலையைச் சொல்லுமுன் தமது முதுமையையே முதலில் சொல்கிறார்கள். இலக்கணப் பாடத்தில் இவ்விடங்களை மாணவர்க்குப் பலமுறை விளக்கியிருக்கிறோம். ஆயினும் நம் வாயிலில் நின்ற பெண்களோடு அவற்றைச் சேர்த்து எண்ணிப் பார்க்க நமக்கே வெகுகாலம் ஆயிற்று.

மக்கட்பேறு என்பது இறைவன் அருள். அவன் வகுத்த உடல் உணவாலும் உழைப்பாலும் பழக்கத்தாலும் சீர்படுகிறது, சீர்கெடுகிறது என்பதும் உண்மை. நம் பள்ளத்தாக்கின் வரலாற்றையே எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய தாது வருடப் பஞ்சத்தைப் பற்றி நம் பாட்டிமார் தங்கள் பாட்டிமாரிடம் கேட்ட கதைகள் இன்றும் வழங்குகின்றன. பஞ்சத்தில் மாண்டவர்களைப் பற்றியே பேசுகிறோம். பிறவாமற் போனவர்களைப் பற்றிப் பேசுவதில்லை. அக்காலப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், பஞ்சம் முற்றிய மாதங்களை அடுத்துப் பிறப்புகள் பெரிதும் குறைந்து போனதைக் கண்டனர். 1944–45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படையின் முற்றுகையால் ஹாலந்து நாட்டு நகரங்கள் பட்டினி கிடந்தபோதும், ஒன்பது மாதங் கழித்துப் பிறந்த குழந்தைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. உணவு ஓர் அளவுக்குக் கீழே போனால் பெண்ணுடல் சூல்முட்டையை வெளிவிடுவதை நிறுத்திக்கொள்ளும். தன்னையே காக்க முடியாத வேளையில் மற்றோர் உயிரைச் சுமக்க அது முன்வருவதில்லை. அளவுக்கு மீறிய எடையும் இதே கதவை வேறு வழியாக அடைக்கிறது என்பதைப் பின்வந்த மருத்துவம் கண்டது. சினைப்பை நீர்க்கட்டி என்று இன்று வீட்டுக்கு வீடு பேசப்படும் கோளாறில், எடை கூடிய பெண்கள் தம் எடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைத்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்குபடுகிறது. நம் வீட்டுப் பெண்கள் நடந்து போய்வர வழியில்லாமல் நான்கு சுவருக்குள் இருந்துகொண்டு, விருந்துக்கு விருந்து நெய்ச்சோறு உண்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம்.

தாதுப் பஞ்சம்தான் பெரியாற்றுத் திட்டத்துக்கு உந்துதலாயிற்று. 1887 இல் தொடங்கிய அணைவேலை பென்னிகுவிக் துரையின் விடாமுயற்சியால் 1895 இல் முடிந்தது. மலைக்காய்ச்சலுக்கு அங்கே பலியான கூலிகள் எத்தனையோ பேர். மேற்கே போய்க் கடலில் கலந்த நீர் குகைவழியே கிழக்கே இறங்கியதும், கம்பும் சோளமும் வரகும் விளைந்த பூமி நெல்வயலாயிற்று. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் என்ற கணக்கை இவ்வூர் உழவர்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பசி தீர்ந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நெல்லுக்குப் பின்னால் அரிசி ஆலையும் வந்தது. உரலிற் குத்திய அரிசியின் தவிடு கோழிக்கும் மாட்டுக்கும் போகத் தொடங்கிற்று.

அந்தத் தவிட்டில் என்ன இருந்தது என்பதை அறிய முயன்ற ஆராய்ச்சிக்கூடம் நம் நாட்டிலேயே, நீலகிரியில் குன்னூரில் இருந்தது. ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918 முதல் அங்கே உணவு ஆராய்ச்சி நடத்தினார். தீட்டிய அரிசியை மேலும் ஆவியில் வேகவைத்து, ஊட்டச்சத்தை அழித்து, அதைப் புறாக்களுக்கு மட்டும் கொடுத்து வந்தார். புறாக்கள் நலிந்தன. அறுத்துப் பார்த்தபோது எல்லா உறுப்புகளும் ஒரே அளவில் சுருங்கியிருக்கவில்லை. மிகவும் சுருங்கியவற்றுள் ஆண்பறவையின் விதை இரண்டாவது இடத்தில் இருந்தது. பெண்பறவையின் சூலகமும் அதற்கு அதிக தூரத்தில் இல்லை. மூளை பெரிதும் காக்கப்பட, வம்சம் வளர்க்கும் உறுப்புகள் முதலில் கைவிடப்பட்டிருந்தன. பின்னர் இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவை எலிகளுக்குத் தனித்தனியே ஊட்டி ஒப்பிட்டார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, கீரை கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் முதலிடம் பெற்றன. சென்னை மாகாணத்து அரிசிச் சோற்றை உண்டவை கடைசியிடம் பெற்றன. இதைப் படித்தபோது நமக்குச் சற்று ரோஷம் வந்தது உண்மை. ஆயினும் நெல்லைப் புழுக்கி அரைக்கும் தமிழர் வழக்கம் தவிட்டின் சத்தில் ஒரு பகுதியை அரிசிக்குள்ளேயே நிறுத்திவிடுகிறது என்பதும், அதனால்தான் பச்சரிசி உண்ட வட சர்க்கார் பகுதியைப் போல இங்கே பெரிபெரி நோய் தலைவிரித்தாடவில்லை என்பதும் அதே ஆராய்ச்சிகளிலிருந்து தெரிய வந்தவையே.

அதே குன்னூருக்கு லூஸி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் வந்தார். 1928 இல் பம்பாயில் அவருடைய பணி தொடங்கிற்று. பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்ற காலத்தில் கடுமையான இரத்தசோகைக்கு ஆளாகி மடிந்துகொண்டிருந்தனர். யாருக்கு அதிகம் வருகிறது என்று கணக்கெடுத்ததில் ஏழை முஸ்லிம் பெண்களே மிகுதியாகப் பாதிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. கிருமியா, உணவா என்று அறிய, அப்பெண்கள் உண்ட அதே உணவைக் குன்னூர் ஆய்வுக்கூடத்து எலிகளுக்குக் கொடுத்தார். சினையுற்ற எலிகள் சோகை பிடித்துக் குட்டி ஈனுமுன்பே செத்தன. ஈஸ்ட் என்னும் நொதியைச் சேர்த்துக் கொடுத்தபோது அவை பிழைத்தன. பெண்களும் பிழைத்தனர். 1931 இல் அவர் இதை வெளியிட்டார். அந்த ஈஸ்ட்டில் இருந்த பொருள் இன்னதென்று பத்தாண்டுகள் வரை யாருக்கும் தெரியவில்லை. 1941 இல் அமெரிக்காவில் பசலைக் கீரையிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் போலிக் அமிலம் எனப் பெயரிட்டனர்.

இன்று உலகெங்கும் கருவுற விரும்பும் பெண்கள், கருவுறுவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பிருந்தே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம் உட்கொள்ள வேண்டுமென்று அறிவுறுத்தப்படுகிறது. குழந்தையின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் முதல் வாரங்களில், தான் கருவுற்றிருப்பது பெரும்பாலும் தாய்க்கே தெரியாது என்பதுதான் காரணம். பம்பாயின் சந்துகளில் பெயர் தெரியாமல் மாண்ட நம் சகோதரிமார் உலகப் பெண்களுக்கெல்லாம் விட்டுச்சென்ற சொத்து இது என்று நாம் கருதுகிறோம். ஆனால் நம் வீடுகளில் முதல் மாத்திரை, வயிற்றில் பிள்ளை மூன்று மாதமான பிறகே வாங்கப்படுகிறது. முருங்கைக் கீரை வேலியிலேயே நிற்கிறது. பறித்தாலும் நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் அந்தச் சத்து நீரோடு போய்விடும். சோறுண்டதும் தேநீர் அருந்தும் பழக்கமோ உணவிலுள்ள இரும்புச்சத்து உடலிற் சேராமல் தடுக்கிறது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் பெண்ணின் தட்டைப் பற்றியது. இத்தோடு நிறுத்தினால் நாமும் அந்த வாயிற்காட்சியையே எழுத்தில் வரைந்தவராவோம்.

யூனானி மருத்துவத்தின் அடித்தளமான ‘கானூன்’ நூலை இப்னு ஸீனா பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதினார். அதன் மூன்றாம் பகுதியில் மக்கட்பேறின்மைக்கான காரணங்களைச் சொல்லப் புகுந்தவர், காரணம் ஆணின் விந்தில் இருக்கலாம், பெண்ணிடம் இருக்கலாம், உறுப்புகளின் அமைப்பில் இருக்கலாம் என்று பகுத்துக்கொண்டே போகிறார். அவர் கூறிய சோதனைகள் சில இக்காலத்தில் நில்லா. ஆனால் ஆணையும் விசாரிக்க வேண்டுமென்ற நேர்மை அவரிடம் இருந்தது. 1677 இல் டெல்ப்ட் நகரத்துத் துணி வணிகர் லீவன்ஹூக் தாமே தேய்த்த கண்ணாடி வில்லையின் வழியே ஆணின் விந்தில் வாலுள்ள நுண்ணுயிர்கள் நீந்துவதைக் கண்டார். 1827 இல் பேயர் பாலூட்டிகளின் சூல்முட்டையைக் கண்டார். இவை இரண்டும் ஒன்றாவதைக் கடல்முள்ளெலியின் முட்டையில் கண்ட ஹெர்ட்விக் தம் ஆய்வை வெளியிட்டது 1876 இல், இங்கே தாதுப் பஞ்சம் தொடங்கிய அதே ஆண்டில். மக்கட்பேறு வாய்க்காத தம்பதியரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆணின் குறையும் தனியாகவோ மனைவியின் குறையோடு சேர்ந்தோ இருக்கிறது என்பது இக்காலக் கணக்கு. உலகில் ஆறுபேரில் ஒருவர் வாழ்நாளில் இச்சோதனைக்கு ஆளாகிறார் என 2023 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

ஆணின் அன்றாட வேலை அவன் வம்சத்தையே தொடும் என்பதை உலகம் அறிந்தது ஆராய்ச்சியாளரால் அன்று, தொழிலாளர்களின் பேச்சால். கலிபோர்னியா மாநிலத்தில் லாத்ரோப் என்ற ஊரிலிருந்த பூச்சிமருந்துத் தொழிற்சாலையில், ஒரே பிரிவில் வேலை செய்தவர்கள் தமக்குள் பேசிக்கொண்டபோது, அவர்களில் பலருக்குப் பிள்ளை பிறக்கவில்லை என்பது புலப்பட்டது. 1977 இல் அவர்கள் வற்புறுத்திச் சோதனை செய்வித்தனர். பலருடைய விந்தில் உயிரணு மிகக் குறைந்திருந்தது. சிலருக்கு அறவே இல்லை. மருந்தின் பெயர் சுருக்கமாக டி.பி.சி.பி. வேர்களைத் தின்னும் நூற்புழுக்களைக் கொல்ல மண்ணில் செலுத்துவது. அது எலிகளின் விதையைச் சுருக்குகிறது என்று 1961 இலேயே அச்சான ஆய்வு ஒன்று இருந்தது. பதினாறு ஆண்டுகள் அது ஏட்டில் உறங்கிற்று. அமெரிக்காவில் 1979 இல், ஹவாய்த் தீவின் அன்னாசித் தோட்டங்கள் நீங்கலாக, அது தடைசெய்யப்பட்டது. ஆனால் 1977 க்குப் பின்னும் கோஸ்டாரிகா முதலிய நாடுகளின் வாழைத் தோட்டங்களில் அதன் பயன்பாடு தொடர்ந்தது. ஆயிரக்கணக்கான வாழைத் தோட்டத் தொழிலாளர்கள் தாங்கள் மலடாக்கப்பட்டதாகப் பல்லாண்டுகள் வழக்காடினர். அந்நாடுகளிலும் முதலில் பழிசுமந்தவர்கள் மனைவிமாராகவே இருந்திருப்பர் என்று எண்ணத் தோன்றுகிறது.

அமெரிக்காவின் கதை நமக்கெதற்கு என்று எவரும் கேட்க வேண்டாம். நம் பள்ளத்தாக்கில் நெல்லுக்கு அடுத்து நிற்பவை வாழையும் திராட்சையுமே. கம்பம் பன்னீர் திராட்சை 2023 இல் புவிசார் குறியீடு பெற்றது நமக்குப் பெருமை. ஆண்டு முழுதும் காய்க்கும் கொடிக்கு ஆண்டு முழுதும் மருந்தும் அடிக்கிறார்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே விடியுமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோரில் மருந்தடிப்பவரும் உண்டு. மேற்குமலைக்கு அப்பால், காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களின்மீது பல்லாண்டு வானிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டதும், அங்கே ஒரு கிராமத்துச் சிறுவர்கள் பருவமெய்துவது தாமதப்படுகிறது என்று 2003 இல் ஓர் ஆய்வு வெளியானதும், 2011 இல் உச்சநீதிமன்றம் அம்மருந்துக்குத் தடைவிதித்ததும் நாம் கண்கூடாகக் கண்ட வரலாறு.

மருந்தடிப்பவர் எல்லோரும் மலடராவர் என்று நாம் சொல்லவில்லை. மருந்தைக் கையால் கலக்காதிருத்தல், காற்றுக்கு எதிரே நின்று தெளிக்காதிருத்தல், முழுக்கைச் சட்டையும் முகமூடியும் அணிதல், கை கழுவாமல் பீடியோ சோறோ தொடாதிருத்தல், வீட்டினுள் நுழையுமுன் குளித்தல் ஆகியவற்றுக்குக் காசு அதிகம் செலவாவதில்லை. அந்த உடையைப் பிள்ளைகளின் உடையோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது. துவைப்பவள் மனைவி, அவளுடைய கையிலும் அதே நஞ்சுதான் படுகிறது.

ஆணின் உயிரணு ஒன்று உருவாகி முடிய எழுபது நாட்களுக்கு மேலாகும். ஆகவே இன்று விட்ட பழக்கத்தின் நற்பயனைக் காண மூன்று மாதம் பொறுக்க வேண்டும். பீடியும் சிகரெட்டும் அவ்வுயிரணுவைக் கெடுக்கின்றன. புகைக்கும் பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்தை முந்தச் செய்கின்றன. விதைப்பை உடலுக்கு வெளியே தொங்கும்படி இறைவன் அமைத்ததே அது உடற்சூட்டினும் சில பாகை குளிர்ந்திருக்க வேண்டுமென்பதால்தான். அடுப்படியிலும் சூளையிலும் நாளெல்லாம் நிற்பவர், ஓட்டுநர் இருக்கையிலேயே வாழ்பவர் இதை எண்ண வேண்டும். 2018 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 656 ஆடவரைச் சோதித்து, தளர்ந்த உள்ளாடை அணிந்தவரின் விந்தில் உயிரணுச் செறிவு நூற்றுக்கு 25 பங்கு கூடியிருந்ததாகக் கூறிற்று. கைலியைக் கேலி செய்யும் நம் இளைஞர்கள் இதைக் கவனிப்பார்களாக!

பெண்களுக்கு நம் மார்க்கச் சட்டநூல்கள் கற்பிக்கும் ஒரு பழக்கமும் இதில் பயன்படும். தொழுகைக்காக ஹைளு நாட்களை எண்ணிக் குறித்துவருவது அவர்களின் வழக்கம். அடுத்த விலக்குக்கு ஏறத்தாழப் பதினான்கு நாட்கள் முன்பே சூல்முட்டை வெளிப்படுகிறது என்பதை ஜப்பானில் ஒகினோ 1924 இலும், ஆஸ்திரியாவில் கனாவுஸ் 1928 இலும் தனித்தனியே கண்டனர். அந்த நாளும் அதற்கு முந்திய ஐந்து நாட்களுமே கருத்தரிக்க ஏற்றவை. சபரில் இருக்கும் கணவன் மாதம் ஒருமுறை வந்துபோகும் குடும்பங்களில், உடலில் குறையேதும் இல்லாமலே ஆண்டுகள் கழிவதற்கு இதுவே காரணமாவதுண்டு.

சுவர்களில் ஒட்டப்படும் ‘நிச்சயம் குழந்தை’ விளம்பரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2008 இல் வெளியான ஓர் ஆய்வில், விற்பனையிலிருந்த 193 வகை ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ காணப்பட்டது. ஈயம் உயிரணுவுக்குப் பகை. பிள்ளைக்காக விழுங்கும் லேகியத்திலேயே அது இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது? ஓராண்டு கூடி வாழ்ந்தும் கரு தங்கவில்லையெனில், பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது கடந்திருப்பின் ஆறு மாதத்திலேயே, இருவரும் சேர்ந்து மருத்துவரிடம் செல்வதே முறை. ஆணுக்குரிய முதல் சோதனை எளியது, வலியில்லாதது, செலவும் குறைந்தது. நம் வீடுகளில் அது கடைசியாகச் செய்யப்படுவதற்கு வெட்கத்தைத் தவிர வேறு காரணம் நமக்குத் தென்படவில்லை.

பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மருமகளை அவருடைய மாமி மூன்றுமுறை நம்மிடம் அழைத்து வந்தார். மகன் ஏலத்தோட்டத்தில் மருந்தடிப்பவர். அவருக்கு இரண்டாம் நிக்காஹ் பேசிக்கொண்டிருப்பதாக மூன்றாம் முறை சொன்னார். “அடுத்தமுறை தம்பியையும் கூட்டி வாங்க” என்றோம். முகம் சுளித்தார், ஆனால் அழைத்து வந்தார். அந்தத் தம்பியோடு தனியே அமர்ந்து, மேலே எழுதியவற்றில் நமக்கு அன்று தெரிந்ததைச் சொன்னோம். வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, “என்னையச் சோதிக்கணும்னு இதுவரை யாரும் சொல்லலையே, அஜரத்து” என்றார். மதுரையில் சோதித்தபோது குறை அவரிடந்தான் இருந்தது. மருந்தடிக்கும் வேலையை விட்டு எடைபோடும் வேலைக்கு மாறினார், புகையையும் விட்டார். எண்ணிக்கை சற்றே கூடிற்று, பிள்ளை பிறக்கவில்லை. அக்காள் மகளை எடுத்து இருவரும் வளர்க்கிறார்கள். இரண்டாம் நிக்காஹ் பேச்சு அன்றோடு நின்றது. மாமி இப்போதும் எப்போதாவது அஸருக்குப் பின் தண்ணீர் ஓத வருகிறார். மகனுக்கும் சேர்த்து இரண்டு குவளை கொண்டு வருகிறார்.